பழைய தாளும் புதிய தாளும்

ஹைதராபாத் நகரத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது கொண்டாப்பூர். ஒரு காலத்தில் அது சிறிய கிராமம். இன்று அங்கே எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். பக்கத்திலேயே ஹைடெக் சிட்டி. அது கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த இடம். கட்டட வேலைக்குப் பல ஊர்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்தும் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவருக்கு சென்ட்ரிங் வேலை. மனைவி ஒரு வீட்டில் சமையல் செய்கிறார். இரண்டு பிள்ளைகள்.

கணவருக்கு ஒன்றரை வருடமாக இரத்தத்தில் ஒரு நோய். தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. வேலைக்குப் போகிறார். நன்றாகத்தான் இருக்கிறார்.

இவர்களுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. இது ஒருவருடைய கதை அல்ல. இந்த நோயோடு வாழும் பலருக்கு நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

இரவில் வந்த பயம்

அது மே மாதம். ஒரு நாள் நடு இரவில் கணவர் விழித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வியர்வை. பனியன் நனைந்துவிட்டது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அவருக்குப் பகீர் என்றது.

ஏன்? நோய் முதலில் தெரிந்தபோதும் இப்படித்தான் இரவில் வியர்த்தது. அப்போதும் உடம்பு சோர்ந்து போனது. "திரும்ப வந்துவிட்டதா?" என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் வியர்த்தது. காலையில் கண்ணாடி பார்த்தார். கண்ணைச் சுற்றி வீக்கம். பயம் இன்னும் கூடியது.

ஒரு வாரம் போனது. மனைவி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க, இன்னிக்குத் தேதி பதினாறு. கணக்குப்படி பதினாலு மாத்திரைதான் மீதி இருக்கணும். இருபது இருக்குதே?"

"இருக்கட்டும் விடு."

"ஆறு நாளா சாப்பிடலையா?"

"சாப்பிட்டும் நோவு திரும்பிடுச்சு. அப்புறம் அது எதுக்கு? அந்தக் காசுக்குப் புள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கலாம்."

மனைவிக்குக் கண் கலங்கியது. ஆனால் அழுதுகொண்டு உட்காரவில்லை. பெட்டியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார்.

அவர் என்ன செய்தார் என்று பிறகு பார்ப்போம். முதலில் இந்த நோயைத் தெரிந்துகொள்வோம்.

இது என்ன நோய்?

நம் எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. இரத்தம் உண்டாகும் இடம் அதுதான். அங்கே மூன்று வகை அணுக்கள் பிறக்கின்றன. சிவப்பு அணு மூச்சுக் காற்றைச் சுமக்கிறது. வெள்ளை அணு கிருமியோடு சண்டை போடுகிறது. தட்டணு, அதாவது பிளேட்லெட், காயம் பட்டால் இரத்தம் உறைய உதவுகிறது.

இந்த நோயில் வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகின்றன. சாதாரணமாக ஒரு கன மில்லி மீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் இருக்கும். இந்த நோயில் அது ஒரு லட்சத்தையும் தாண்டலாம். இது ஒரு வகை இரத்தப் புற்றுநோய். டாக்டர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்று சொல்வார்கள்.

புற்றுநோய் என்றதும் பயப்பட வேண்டாம். எல்லாப் புற்றுநோயும் ஒன்றல்ல. சி.எம்.எல். பெரும்பாலும் மெதுவாக நடக்கும் நோய். நல்ல மாத்திரை உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்து, அதை ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவர்கள் மற்றவர்களைப் போலவே வெகுகாலம் வாழ்கிறார்கள்.

இது எப்படி வருகிறது? நம் உடம்பில் உள்ள பெரும்பாலான அணுக்களின் உள்ளே நூல் போன்ற குரோமோசோம்கள் உள்ளன. மொத்தம் 46. சி.எம்.எல். நோயில் 9ஆம் எண் நூலும் 22ஆம் எண் நூலும் அறுந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. மஜ்ஜையில் உள்ள ஓர் அணுவில் இந்தத் தவறு நடக்கிறது. பிறகு அது பெருகுகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஞ்ஞானிகள் இருவர் 1960இல் இந்த மாற்றத்தை முதலில் கண்டார்கள். துண்டுகள் இடம் மாறியதால்தான் இது வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர் கண்டுபிடித்தார்.

ஆகவே இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. பிள்ளைகளுக்குப் பரம்பரையாகவும் போகாது. யாருடைய சாபமும் அல்ல.

மாத்திரை வந்த கதை

இந்த நோய்க்கான முக்கியமான மாத்திரை ஒன்றின் பெயர் இமாடினிப். இடம் மாறி ஒட்டிய நூல் செய்யும் வேலையை அது தடுக்கிறது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் நோவார்டிஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனி விற்ற மாத்திரைக்கு மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆனது. பலருக்கு அந்தக் கம்பெனி இலவசமாகவும் கொடுத்தது. ஆனால் எல்லோருக்கும் அது கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியுமா?

இந்தியக் கம்பெனிகள் இதே மருந்தைச் செய்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ கம்பெனி அவற்றில் ஒன்று. அவர்கள் விலை மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. "இதை நாங்கள் மட்டும்தான் விற்க வேண்டும்" என்று நோவார்டிஸ் காப்புரிமை கேட்டது. சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம் 2006இல் அதை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புற்று நோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் அங்கே வாதாடியது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இன்று பல இந்தியக் கம்பெனிகள் இந்த மாத்திரையைச் செய்கின்றன. விலை இன்னும் இறங்கிவிட்டது.

இத்தனை பேர் போராடி நம் கைக்கு வந்த மாத்திரை இது. பயத்தால் அதைப் பெட்டியில் வைத்து மூடலாமா?

உடம்பு சொல்வதும் இரத்தம் சொல்வதும்

புதிதாக ஒரு வலி வருகிறது. அல்லது வியர்க்கிறது. அல்லது சோர்வாக இருக்கிறது. உடனே நாம் பழைய நோயை நினைக்கிறோம். அது இயல்புதான். சூடு பட்ட பூனை அடுப்பங்கரையைப் பார்த்தாலே ஓடும்.

ஆனால் ஒரு தொந்தரவுக்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, நோயே காரணமாக இருக்கலாம். வெள்ளை அணு பெருகினால் சோர்வு வரும். எடை குறையும். இரவில் வியர்க்கும். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கும். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

இரண்டு, மாத்திரை காரணமாக இருக்கலாம். இமாடினிப் சாப்பிடுபவர்கள் பலருக்குக் கண்ணைச் சுற்றி வீங்கும். கால் வீங்கலாம். தசை பிடித்து இழுக்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு வரலாம்.

மூன்று, இரண்டும் இல்லாமல் வேறு காரணம் இருக்கலாம். மே மாத வெயிலில் நாள் முழுவதும் கம்பி கட்டினால் யாருக்குத்தான் சோர்வு வராது? தண்ணீர் குறைந்தால் கால் பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே படுத்து, கரண்டும் போனால் எல்லோருக்கும் வியர்க்கும்.

இதில் எது என்று நாமாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டராலும் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார்கள். நோய் தலை தூக்கினால், பெரும்பாலும் உடம்புக்குத் தெரியும் முன்பே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆகவே தேதி தவறாமல் போகிறவருக்குப் பாதிப் பயம் தேவை இல்லை.

தாளை எப்படிப் படிப்பது?

பரிசோதனைத் தாள் இங்கிலீஷில் இருக்கும். கொண்டாப்பூரில் கடைப் பலகை தெலுங்கில் இருக்கும். நாம் தமிழ் படித்தவர்கள். என்ன செய்வது?

கவலை வேண்டாம். எண்கள் மூன்றிலும் ஒன்றுதான். நர்சம்மாவிடம் ஒரு பேனாவைக் கொடுங்கள். "வெள்ளை அணு, ஹீமோகுளோபின், பிளேட்லெட், இந்த மூன்று வரியில் கோடு போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். பக்கத்தில் தமிழில் நீங்களே பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளை அணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கு மேல், பெண்களுக்கு 12க்கு மேல். பிளேட்லெட் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. லேபுக்கு லேப் இது கொஞ்சம் மாறும்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. அதன் பெயர் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறைதான். ஆனால் இங்கே இரத்தத்தில் தேடுகிறார்கள். இடம் மாறிய அந்த நூல் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மாத்திரை தொடங்கி 3 மாதத்தில் அது 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் மிகவும் நல்லது.

ஒரு தாளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை அணு சென்ற முறை 6,200. இந்த முறை 7,800. ஏறிவிட்டதே என்று பயப்படலாமா? கூடாது. சளி பிடித்தாலே அந்த எண் ஏறும். ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. அதை டாக்டர் பார்ப்பார். நாமும் பார்க்கலாம்.

எதற்கு ஓட வேண்டும்? எதற்குக் காத்திருக்கலாம்?

எல்லாவற்றுக்கும் பயப்படவும் கூடாது. எல்லாவற்றையும் அலட்சியம் செய்யவும் கூடாது. தொந்தரவுகளை மூன்று கூடையில் பிரித்துப் போடுவோம்.

முதல் கூடை: உடனே போக வேண்டியவை. இரவு என்றாலும் போக வேண்டும்.
காய்ச்சல் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல்.
மூக்கில், ஈறில் இரத்தம் வந்து நிற்காமல் இருப்பது. கறுப்பாக மலம் போவது. தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள்.
மூச்சுத் திணறல், நெஞ்சு வலி.
இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி.
பொறுக்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது.
போக வண்டி இல்லை என்றால் 108க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாம் கூடை: ஓரிரு நாளில் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.
எடை மளமளவென்று ஏறுவது, உடம்பு வீங்குவது.
கண் மஞ்சள் ஆவது, சிறுநீர் மிகவும் மஞ்சளாகப் போவது.
வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காமல் இருப்பது.
வியர்வையும் சோர்வும் ஒரு வாரம் தாண்டியும் விடாமல் இருப்பது, எடை குறைவது.

மூன்றாம் கூடை: எழுதி வைத்து, அடுத்த முறை சொல்ல வேண்டியவை.
எப்போதாவது கால் பிடித்து இழுப்பது. காலையில் கண் லேசாக வீங்குவது. சாப்பாட்டுக்குப் பின் லேசான குமட்டல்.

இன்னொரு சேதி. எல்லாக் காய்ச்சலும் பழைய நோயால் வருவதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கண்டார். எங்கே தெரியுமா? ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில்தான். இன்றும் மழைக்காலத்தில் டெங்குவும் மலேரியாவும் வருகின்றன. டெங்குவிலும் பிளேட்லெட் குறையும். ஆகவே காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு இரத்தத்தில் இந்த நோய் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் சில வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். காசநோய் மருந்து, வலிப்பு மருந்து போன்ற சில மருந்துகள் இமாடினிப்பின் பலத்தைக் குறைத்துவிடும். எதைச் சாப்பிடும் முன்னும் கேளுங்கள். இமாடினிப் சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்தது

இப்போது நம் குடும்பத்துக்கு வருவோம்.

அன்று இரவே மனைவி எல்லாத் தாள்களையும் தேதிப்படி அடுக்கினார். பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தார். இப்படி எழுதினார்:

"9ஆம் தேதி ராத்திரி வியர்வை. கால் இழுத்தது. 10ஆம் தேதி வியர்வை. கரண்ட் இல்லை. 11ஆம் தேதியில் இருந்து மாத்திரை சாப்பிடவில்லை. 12ஆம் தேதி கண் வீக்கம். காய்ச்சல் இல்லை. ரத்தம் வரவில்லை."

எழுதும்போதே அவருக்கு ஒன்று நினைவு வந்தது.

"என்னங்க, பத்தாம் தேதி கரண்ட் போச்சு. அன்னிக்குப் புள்ளைங்களும் நனைஞ்சுதானே கிடந்தாங்க?"

கணவர் யோசித்தார். பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் ஹைடெக் சிட்டி நிலையத்தில் மெட்ரோ ஏறினார்கள். வழக்கமாகப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தெலுங்கில் பேசினார். இருவருக்கும் தெலுங்கு ஓரளவு பழகியிருந்தது. டாக்டர் எடை பார்த்தார். குறையவில்லை. இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. இரத்தம் எடுத்தார்கள். அணுக்களின் எண்ணிக்கை அன்றே வந்தது. வெள்ளை அணு 7,100. சென்ற முறை 6,900.

"கால் இழுப்பதும் கண் வீக்கமும் மாத்திரையால் வரக்கூடியவை. வெயிலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள். வியர்வைக்கு உங்கள் கூரைதான் காரணமாக இருக்கும். ஆனாலும் பி.சி.ஆர். பார்த்துவிடுவோம். வந்தது நல்லது" என்றார் டாக்டர்.

பிறகு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு வரியில் கைகாட்டி நிறுத்தினார்.

"எனக்குப் பயம் தருவது இந்த வரிதான். ஆறு நாள் மாத்திரை இல்லை. வியர்வைக்குப் பயந்து, நோயைத் தடுக்கும் வேலியை நீங்களே பிடுங்கினீர்கள்."

டாக்டர் சொன்னது சரிதான். லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாத்திரையைத் தவற விட்டவர்களுக்கு நோய் நன்றாக அடங்குவது மிகவும் குறைந்தது என்று அதில் தெரிந்தது. அதாவது மாதத்துக்கு மூன்று நாளுக்கு மேல் தவறக் கூடாது. பல வருடம் நன்றாக இருந்த பிறகு, சிலருக்கு டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது உண்டு. அப்போது அடிக்கடி பி.சி.ஆர். பார்ப்பார்கள். நாமாக நிறுத்துவது வேறு, அது வேறு.

பி.சி.ஆர். தாள் வர இரண்டு வாரம் ஆனது. காத்திருக்கும் நாட்கள் கஷ்டம்தான். கணவர் வேலைக்குப் போனார். தினமும் இரவுச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டார். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்தார். மனைவி காலண்டரில் தேதியைச் சுழித்தார்.

தாள் வந்தது. சென்ற முறை 0.08. இந்த முறை 0.09. ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது. "இந்தச் சின்ன வித்தியாசம் கணக்கில் வராது. இனிமேல் நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்தில் வாருங்கள்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்:

"உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"இனிமே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்

சி.எம்.எல். மட்டும் அல்ல. தலசீமியா, அரிவாள் செல் சோகை, பிளேட்லெட் குறையும் நோய் என்று இரத்த நோய்கள் பல உண்டு. எந்த நோயாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். அதற்கு ஒரு நோட்டு உதவும்.

அதில் நான்கு விஷயம் எழுதுங்கள். தேதி. என்ன தொந்தரவு. எவ்வளவு நேரம் இருந்தது. அன்று மாத்திரை சாப்பிட்டீர்களா. பரிசோதனை எண்களையும் வரிசையாக எழுதுங்கள். மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். மறந்த தேதியை மறைக்காமல் எழுதுங்கள்.

ஹைதராபாத்தில் ரெட் ஹில்ஸ் பகுதியில் அரசு எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. கொண்டாப்பூரிலேயே அரசு ஆஸ்பத்திரி உண்டு. தெலங்கானா அரசின் ஆரோக்யஸ்ரீ திட்டம் ஏழைகளின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்கள் ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் உதவி மேசையில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பயம் மனதுக்குள்ளேயே இருந்தால் வளரும். தாளில் எழுதினால் அது ஒரு வரிதான். அந்த வரியை டாக்டரிடம் காட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. கணவர் ஏன் மாத்திரையை நிறுத்தினார்? அது சரியா?
2. அவருக்கு வியர்த்ததற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?
3. எந்தத் தொந்தரவு வந்தால் இரவிலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
4. உங்கள் வீட்டில் உள்ள பழைய பரிசோதனைத் தாள்களைத் தேதிப்படி அடுக்குங்கள். அதில் உள்ள எண்களைப் படித்துப் பாருங்கள்.